கறையான் தின்றது போக மிச்சம்

வாசகர் கேள்வி:

ஐயா, திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமத்தில் இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிழைக்கிறேன். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் ஆறு வருடமாகச் சேர்த்த சிறுவாட்டுப் பணத்தை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் கொட்டகை ஓரத்தில் புதைத்து வைத்திருந்தேன். மகள் படிப்புக்காகத் தோண்டி எடுத்தால், மழைநீர் இறங்கிக் கறையான் ஏறியிருக்கிறது. ஐந்நூறு ரூபாய் நோட்டில் ஓரம் அரித்தவை 22, பாதி போனவை 11. ஒரு பிடி வெறும் துண்டுகள். நூறு ரூபாய்க் கட்டு ஒன்று கல் மாதிரி ஒட்டிக்கிடக்கிறது. பத்து, இருபது நோட்டுகள் சில கிழிந்திருக்கின்றன. இரண்டாகக் கிழிந்த இரண்டாயிரம் ரூபாய் நோட்டு ஒன்றும், 2016-க்கு முந்தைய ஐந்நூறு ரூபாய் நோட்டு இரண்டும் இருக்கின்றன. பக்கத்து ஊர் வங்கியில் 'இரண்டு நம்பரும் முழுசாகத் தெரியாவிட்டால் செல்லாது, உங்களுக்கு இங்கே கணக்கும் இல்லை' என்று அனுப்பிவிட்டார்கள். பஸ் நிலையத்தில் நோட்டு மாற்றுகிறவர் ஐந்நூறு ரூபாய் நோட்டுக்கு நூற்றுக்கு நாற்பது தருவதாகச் சொல்கிறார். பையன் துண்டுகளைச் சேர்த்து ஒட்டிவிடலாம் என்கிறான். இப்படிப்பட்ட நோட்டை வைத்திருப்பதே குற்றமா? என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் பையனைக் கூப்பிட்டு, ஒட்டுகிற வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். இதுவரை ஒட்டியவை இருந்தால் தனி உறையில் வையுங்கள். கறையானிடம் தப்பியதையும் தொலைக்கக்கூடியது அந்தச் செலோ டேப்தான். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

சிதைந்த நோட்டை வைத்திருப்பது குற்றம் அல்ல. பயத்தை விட்டுவிடுங்கள். வங்கிப் பணியில் 32 ஆண்டுகள் இருந்தேன். அதில் பாதிக்கு மேல் பணக் கவுண்டரிலும் கரன்சி செஸ்ட்டிலும் கழிந்தது. உங்கள் டின்னைப் போல எத்தனையோ டின்களையும் சுருக்குப் பைகளையும் பார்த்திருக்கிறேன். கொண்டுவந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். எல்லோர் முகத்திலும், ஏதோ தவறு செய்துவிட்டது போன்ற ஒரு குறுகல் இருக்கும். நீங்கள் உழைத்த பணம், தலை நிமிர்ந்தே கொண்டுபோகலாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 1934-ஆம் ஆண்டின் இந்திய ரிசர்வ் வங்கிச் சட்டத்தில் 28-ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. தொலைந்த, திருடுபோன, சிதைந்த நோட்டின் மதிப்பைத் திரும்பத் தரும்படி யாரும் உரிமையாகக் கேட்க முடியாது என்கிறது அது. ஆனால் எந்தச் சூழ்நிலைகளில் அந்த மதிப்பைக் கருணையின் பேரில் தரலாம் என்று ரிசர்வ் வங்கி விதி வகுத்துக்கொள்ளலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. கருணை என்ற சொல் எனக்கு அன்றும் பிடித்ததில்லை, இன்றும் பிடிக்கவில்லை. நோட்டின் முகப்பில் ஆளுநர் கையெழுத்திட்டு 'தருவதாக உறுதியளிக்கிறேன்' என்று அச்சிட்டபிறகு கருணை எங்கிருந்து வந்தது? ஆனால் உங்களுக்கு நடைமுறையில் முக்கியமானது அடுத்த செய்தி. விதிகள் வகுக்கப்பட்டுவிட்டன. 2009-இல் வந்த நோட்டு மதிப்புத் திருப்பித் தரும் விதிகள், 2018 செப்டம்பரில் புதிய சிறிய அளவு நோட்டுகளுக்காகத் திருத்தப்பட்டு நடைமுறையில் இருக்கின்றன. வங்கிக் கிளைகள் அந்த விதிகளுக்குக் கட்டுப்பட்டவை. கவுண்டரில் இருப்பவர் தன் இஷ்டத்துக்குக் கருணை காட்டவோ மறுக்கவோ முடியாது.

அந்தக் கிளையில் உங்களுக்குச் சொன்ன இரண்டும் தவறு. நோட்டு மாற்றக் கணக்கு வேண்டியதில்லை. வணிக வங்கிகளின் எந்தக் கிளையும் பொதுமக்கள் அனைவருக்கும், வாடிக்கையாளரா இல்லையா என்று பாராமல், அழுக்கான நோட்டையும் சிதைந்த நோட்டையும் மாற்றித் தர வேண்டும். இங்கே அப்படிப்பட்ட நோட்டுகள் மாற்றித் தரப்படும் என்று கண்ணில் படும் இடத்தில் பலகை வைத்திருக்க வேண்டும் என்பதும் ரிசர்வ் வங்கியின் உத்தரவு. அடுத்த முறை போகும்போது அந்தப் பலகையைத் தேடிப் பாருங்கள்.

இரண்டு நம்பரும் தெரிய வேண்டும் என்ற நம்பிக்கை ஊரெங்கும் இருக்கிறது. சில காசாளர்களிடமும் இருக்கிறது. இப்போதைய விதியில் பணத்தின் மதிப்பைத் தீர்மானிப்பது பரப்பளவு. நோட்டு அசல்தான் என்று அடையாளம் தெரிய வேண்டும். அது தெரிந்தபிறகு, துண்டுபடாமல் ஒரே பகுதியாக எஞ்சியிருக்கும் மிகப் பெரிய துண்டு, முழு நோட்டில் எவ்வளவு என்பதுதான் கேள்வி.

50 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டுகளில், அந்தப் பெரிய துண்டு 80 சதவீதத்தைத் தாண்டினால் முழு மதிப்பு. 40 முதல் 80 வரை என்றால் பாதி மதிப்பு. 40-க்குக் கீழே என்றால் ஒன்றும் இல்லை. 1 ரூபாய் முதல் 20 ரூபாய் வரையுள்ள நோட்டுகளுக்குப் பாதி மதிப்பு என்ற பேச்சே கிடையாது. பாதிக்கு மேல் இருந்தால் முழுப் பணம், இல்லாவிட்டால் இல்லை. ஆகவே உங்கள் பத்து, இருபது நோட்டுகளில் பாதிக்கு மேல் மிஞ்சியவற்றை எல்லாம் தைரியமாகக் கொடுங்கள்.

இனி அந்த 22 நோட்டுகள். 'ஓரம் அரித்தவை' என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கேதான் கவனம் வேண்டும். இப்போதைய ஐந்நூறு ரூபாய் நோட்டின் நீளம் 150 மில்லிமீட்டர், அகலம் 66. பரப்பு 99 சதுர சென்டிமீட்டர். முழு மதிப்புக்கு ஏறக்குறைய 80 சதுர சென்டிமீட்டர் மிஞ்ச வேண்டும். கறையான் நான்கு பக்கமும் அரை சென்டிமீட்டர் மட்டும் தின்றிருந்தாலே, மிஞ்சுவது 14-க்கு 5.6, அதாவது 78 சதுர சென்டிமீட்டரும் சொச்சமும்தான். மயிரிழையில் பாதி மதிப்புக்கு இறங்கிவிடும். பார்வைக்குக் கிட்டத்தட்ட முழு நோட்டாகத் தெரியும், அளந்தால் தெரியாது. ஒரு பக்கம் மட்டும் அரித்திருந்தால் கவலை குறைவு. குறுகிய பக்கத்தில் இரண்டரை சென்டிமீட்டர் போயிருந்தாலும் 80 சதவீதத்துக்கு மேல் நிற்கும்.

வீட்டிலேயே அளக்க ஒரு வழி. மகளின் கணக்கு நோட்டில் கட்டம் போட்ட தாள் இருக்கும். அதில் ஒரு நல்ல ஐந்நூறு ரூபாய் நோட்டை வைத்து எல்லைக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். அரித்த நோட்டை அதற்குள் வைத்து, வெளியே தெரியும் கட்டங்களை எண்ணுங்கள். நடுவில் ஓட்டை இருந்தால் அதையும் சேர்த்து எண்ணுங்கள். ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைவாகப் போயிருந்தால் முழுப் பணம். கோட்டை ஒட்டி நிற்கும் நோட்டுகளை மட்டும் தனியே வைத்து, அவை எந்தப் பக்கமும் சாயலாம் என்று மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். இந்த வேலையை மகளிடம் கொடுங்கள். நோட்டு நொறுங்குகிறது என்றால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

இப்போது அந்த நூற்றுக்கு நாற்பது கணக்கைப் பார்ப்போம். 33 ஐந்நூறு ரூபாய் நோட்டுகளின் முகமதிப்பு 16,500 ரூபாய். அவர் தருவது 6,600. நீங்கள் சொன்னபடி 22 நோட்டுகளும் முழு மதிப்புக்குத் தேறி, 11 நோட்டுகள் பாதி மதிப்புக்குத் தேறினால் 13,750 ரூபாய் கிடைக்கும். மோசமாகப் போய் 33-ம் பாதி மதிப்புக்குத்தான் தேறின என்றாலும் 8,250 வரும். அவருக்கும் இந்தக் கணக்கு தெரியும். அதனால்தான் நாற்பதுக்கு வாங்க உட்கார்ந்திருக்கிறார். வாங்கியதை எடுத்துக்கொண்டு அவர் போகிற இடமும் வங்கிதான். அந்த வழியில் நீங்களே போகலாம். வங்கியில் இந்த மாற்றத்துக்குக் கமிஷன் என்று யாரும் கேட்கக் கூடாது.

எங்கே போவது? சாதாரணக் கிளைகளில் ஒரு நேரத்தில் ஐந்து சிதைந்த நோட்டுகள் வரை கவுண்டரிலேயே பார்த்துப் பணம் தர வேண்டும். அங்கேயே முடிவு செய்ய இயலாவிட்டால் ரசீது கொடுத்துப் பெற்றுக்கொண்டு, தங்கள் கரன்சி செஸ்ட் கிளைக்கு அனுப்ப வேண்டும். பணம் எப்போது வரும் என்ற தேதியை ரசீதிலேயே எழுதித் தர வேண்டும். அது 30 நாட்களைத் தாண்டக் கூடாது. உங்களிடம் இருப்பதோ ஐந்துக்கு மிக அதிகம், தொகையும் 5,000 ரூபாய்க்கு மேல். எனவே நேராகக் கரன்சி செஸ்ட் உள்ள கிளைக்குப் போவது நல்லது. ரிசர்வ் வங்கியின் பணத்தை வைத்திருந்து மற்றக் கிளைகளுக்கு வழங்கும் கிளைதான் கரன்சி செஸ்ட் கிளை. மாவட்டத் தலைநகரில் அப்படிப்பட்ட கிளை எது என்று எந்த வங்கியில் கேட்டாலும் சொல்வார்கள். மாதத்தின் முதல் வாரத்தில் போகாதீர்கள். சம்பளம், ஓய்வூதியம் என்று கூட்டம் நெரிகிற நாளில் நோட்டை அளந்து பார்க்கும் பொறுமை யாருக்கும் இருக்காது. மாத நடுவில், காலை வேளையில் போங்கள். ஆதார் அட்டையையும் உங்கள் பெயரில் எந்த வங்கியிலாவது கணக்கு இருந்தால் அதன் பாஸ்புக்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். தள்ளுபடி ஆகும் நோட்டு உங்களிடம் திரும்பி வராது, வங்கியே வைத்துக்கொள்ளும். ஆகவே கொடுக்கும் முன் எண்ணிக்கையை ஒரு தாளில் எழுதி ஒரு படி வைத்துக்கொள்ளுங்கள்.

பையனின் யோசனைக்கு வருகிறேன். ஒரே நோட்டு இரண்டாகக் கிழிந்து, இரண்டு பாதியும் கையில் இருந்தால் ஒட்டலாம். எதுவும் குறையாமல் இரண்டு துண்டும் சேர்ந்து முழு நோட்டாக வந்தால், அதைச் சிதைந்த நோட்டாகக்கூடக் கருதமாட்டார்கள், அழுக்கு நோட்டு என்றே எடுத்துக்கொள்வார்கள். ஆனால் வெவ்வேறு நோட்டுகளின் துண்டுகளைச் சேர்த்து ஒரு நோட்டாக்குவது வேறு விஷயம். நல்ல நோட்டுகள் பலவற்றிலிருந்து ஆளுக்கொரு கீற்று வெட்டி, கீற்றுகளை ஒட்டிக் கூடுதலாக ஒரு நோட்டு 'தயாரிக்கிற' மோசடி உண்டு. 'துண்டுபடாத மிகப் பெரிய பகுதி' என்று விதி அழுத்திச் சொல்வது ஒட்டு வேலைக்குப் பலன் இல்லாமல் செய்கிறது. ஒட்டு நோட்டு வந்தால் நாங்கள் முதலில் பார்ப்பது, வெட்டு ஒரே இடத்தில் ஒரே மாதிரி விழுந்திருக்கிறதா என்பதை. நிறைய எண்ணிக்கையில் அப்படி வந்தால் கொண்டுவந்தவர் பெயரைக் குறித்து ரிசர்வ் வங்கிக்கும், தேவைப்பட்டால் போலீசுக்கும் எழுத வேண்டும் என்பது எங்களுக்கு இருந்த கட்டளை. பையன் நல்ல எண்ணத்தில்தான் செய்கிறான். ஆனால் அவன் ஒட்டிய ஐந்து நோட்டு, கறையான் அரித்த உங்கள் 33 நோட்டுகளின் மீதும் சந்தேகத்தை வரவழைத்துவிடும். கறையான் அரித்த விளிம்பு கறையான் அரித்ததாகவே தெரிய வேண்டும். கத்தரியால் விளிம்பைச் சீராக்குவதும் கூடாது. மண் ஒட்டியிருந்தால் இருக்கட்டும். பணிக்காலம் முழுக்க நான் பார்த்த சிதைந்த நோட்டுகளில், மண்ணோடு வந்த நோட்டைப் போல உண்மை பேசியது வேறொன்றும் இல்லை.

அந்த ஒரு பிடித் துண்டுகளில், ஒரே நோட்டின் இரண்டு துண்டுகள் என்று நிச்சயமாகத் தெரிந்து, இரண்டும் தனித்தனியே 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் அந்த நோட்டுக்கு முழு மதிப்பு உண்டு. அப்படி ஏதும் இருக்கிறதா என்று மட்டும் தேடுங்கள். மற்றவற்றுக்குப் பணம் கிடைக்காது. இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

கல்லாய் ஒட்டிக்கிடக்கும் நூறு ரூபாய்க் கட்டைத் தொடாதீர்கள். வெந்நீரில் போடுவது, இஸ்திரி போடுவது, வெயிலில் காய வைத்துப் பிரிப்பது என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். எதுவும் வேண்டாம். நம் நோட்டு மரக்கூழில் செய்த சாதாரணத் தாள் அல்ல, முழுக்கப் பருத்தி. சட்டைப்பையோடு துவைத்தாலும் தாங்குகிற அந்த நார், மாதக்கணக்கில் ஈரத்தில் ஊறிச் செல்லரித்தபிறகு பலம் இழந்துவிடும். பிரிக்கப் போனால் ஒவ்வொரு நோட்டும் நான்கு துண்டாகும். அப்புறம் 'மிகப் பெரிய துண்டு' என்ற விதியே உங்களுக்கு எதிராகத் திரும்பும். பிரிக்க முடியாமல் ஒட்டிப்போனவை, கருகியவை, தொட்டால் உதிர்பவை ஆகியவற்றை வங்கிக் கிளைகள் ஏற்காது. அவர்கள் மறுத்தால் அது சரியான மறுப்பு. அவற்றை ரிசர்வ் வங்கியின் நோட்டு வெளியீட்டு அலுவலகத்தில்தான் கொடுக்க வேண்டும். அங்கே தனி நடைமுறையில் பரிசீலிப்பார்கள். நமக்கு அது சென்னை ராஜாஜி சாலையில், கோட்டை அருகே இருக்கிறது. கட்டை அப்படியே ஒரு சிறு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, ஆடாமல் இருக்கச் சுற்றிலும் பஞ்சு அடைத்துக் கொண்டுபோங்கள். உதிர்ந்த தூளையும் விடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சென்னைப் பயணத்தில் இரண்டாயிரம் ரூபாய் நோட்டையும் முடித்துவிடலாம். 2023 மே 19 அன்று அதைப் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். வங்கிக் கிளைகளில் மாற்றுவதற்கான காலம் அந்த ஆண்டு அக்டோபர் 7-உடன் முடிந்துவிட்டது. ஆனால் நோட்டு செல்லாததாகிவிடவில்லை. ரிசர்வ் வங்கி அலுவலகத்தில் கொடுக்கலாம். உங்களுடையது இரண்டாகக் கிழிந்தது, அவ்வளவுதானே. இரண்டு பாதியையும் ஒன்றாகக் கொண்டுபோங்கள்.

பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டு இரண்டும் 2016 நவம்பர் 8 இரவோடு போயின. அவற்றை எந்த வங்கியும் மாற்றாது, மாற்றித் தருகிறேன் என்று சொல்பவர் ஏமாற்றுகிறார். பத்துக்கு மேல் வைத்திருந்தால்தான் 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இரண்டு வைத்திருப்பதால் உங்களுக்குத் தொல்லை இல்லை.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். கிழிந்த நோட்டை மடித்து, இருட்டும் நேரத்தில் காய்கறிக்காரம்மாவிடம் தள்ளிவிடச் சொல்லும் ஆட்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். அதை நாலு பேர் சாமர்த்தியம் என்பார்கள். கோயில் உண்டியலில் போட்டுவிடு என்பவர்களும் உண்டு. அடுத்தவர் தலையில் கட்டப்படும் நோட்டு, கடைசியில் அதைத் திருப்பித் தள்ளத் தெரியாதவர் கையில்தான் நிற்கும். அநேகமாக உங்களைப் போன்ற ஒருவர் கையில். மாற்ற வழி இருக்கும்போது அது எதற்கு?

கரன்சி செஸ்ட் கிளையிலும் காரணம் சொல்லாமல் மறுத்தால், சண்டை போடாமல் மேலாளர் பெயருக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்து, அதன் படியில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். பெரும்பாலும் அந்த முத்திரை கேட்கும்போதே வேலை நடந்துவிடும். 30 நாட்களில் பதில் இல்லை அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், வழி தெரியாவிட்டால் 14448 என்ற எண்ணில் கேட்கலாம்.

ஒரு கிளையில் என்னோடு பணியாற்றிய ஒருவர், நீங்கள் சொன்ன அதே வார்த்தைகளைச் சொல்லி ஒரு முதியவரைத் திருப்பி அனுப்பியதை அடுத்த கவுண்டரிலிருந்து பார்த்துக்கொண்டு இருந்தேன். வரிசை நீளமாக இருந்தது, நானும் வாய் திறக்கவில்லை. பிறகு வெளியே ஓடிப் பார்த்தேன், அவரைக் காணவில்லை. உங்கள் கடிதம் வந்தபோது அவர் நினைவுதான் வந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பணம் கைக்கு வந்ததும் மறுபடி டின்னுக்குப் போக வேண்டாம். குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு எல்லா வங்கியிலும் உண்டு. அஞ்சலகச் சேமிப்புக் கணக்கை 500 ரூபாயில் தொடங்கலாம். உங்கள் ஒருவர் பெயரில் மட்டும் தொடங்குங்கள். படிவத்தில் கைபேசி எண் கேட்கும் இடத்தில் உங்கள் சொந்த எண்ணையே எழுதுங்கள். வீட்டுக்காரர் எண்ணை எழுதினால் நீங்கள் போடும் ஒவ்வொரு ரூபாய்க்கும் குறுஞ்செய்தி அவருக்குத்தான் போகும்.